ஆவடி டாங்கியும் பள்ளிப்பட்டுத் தரைப்பாலமும்

2021-ஆம் ஆண்டின் பிற்பாதியில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தைத் தொட்டு மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் விதி 110-இன் கீழ் பேசிய முதல்வர் மு.க. ஸ்டாலின், தமிழகத்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நான்கு வாரம் முடியுமுன்னே, செப்டம்பர் 23 அன்று, பாதுகாப்பு அமைச்சகம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளைச் செய்து தரச் சொல்லி ஆணை கொடுத்தது. மதிப்பு 7,523 கோடி ரூபாய். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள். கொசஸ்தலை ஆறு பெருகிவந்து பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்தது. ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல மைல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அகதிகளுக்கு வீடு, ராணுவத்துக்கு டாங்கி, ஆற்றுக்குப் பாலம். மூன்றுமே உயிரைக் காக்கத்தான் என்று சொல்லப்படுகிறது. ராணுவத்துக்குச் செய்யும் செலவையும், பசியிலும் வெள்ளத்திலும் போரிலும் சிக்கியவர்களுக்குச் செய்யும் செலவையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க முடியுமா? உலகம் முழுவதும் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு வேண்டிய சாட்சியங்களில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்திலும் அதன் விளிம்பிலுமே கிடக்கிறது. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எல்லாரும் போடுகிற கணக்கைப் போட்டுவிடலாம். 7,523 கோடியை 118-ஆல் வகுத்தால் ஒரு டாங்கிக்கு ஏறத்தாழ 63 கோடியே 75 லட்சம் ரூபாய். முகாம்களுக்கான அந்த முழுத் திட்டமும் ஐந்து டாங்கிகளின் விலை. அதில் 7,469 புதிய வீடுகள் கட்ட ஒதுக்கிய 231 கோடியே 54 லட்சம், நான்கு டாங்கிகளுக்கும் குறைவு. 2022-இல் இலங்கை பொருளாதாரம் நொடிந்து மருந்தும் பால்மாவும் இல்லாமல் தவித்தபோது, தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் அனுப்ப முடிவெடுத்தது. ஏப்ரல் 29-இல் சட்டமன்றத் தீர்மானம். மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல். எல்லாம் சேர்த்து 123 கோடி ரூபாய். இரண்டு டாங்கி வாங்க அந்தப் பணம் போதாது.

கேட்டதும் நெஞ்சை அடைக்கும் கணக்கு இது. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆய்வு என்று வந்தபின் அங்கேயே நின்றுவிடக் கூடாது. டாங்கிக்கான பணம் ஒன்றிய அரசின் பணம், பல ஆண்டுகளில் பிரித்துக் கொடுக்கப்படுவது; முகாம்களுக்கான பணம் மாநில அரசின் பணம். ஒன்றை நிறுத்தினால் மற்றதற்கு அது தானாக வந்துவிடாது. அந்த டாங்கி ஆணையால் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்குத் தொழிலும் எட்டாயிரம் பேருக்கு வேலையும் கிடைக்கும் என்று அமைச்சகம் அப்போது சொன்னது. ஆவடி ‘டேங்க் ஃபேக்டரி’ 1961-இல் தொடங்கியது. அங்கே வேலை கிடைத்தால் வீட்டில் விளக்கேற்றியது போல என்று நினைக்கும் குடும்பங்கள் திருத்தணி முதல் திருநின்றவூர் வரை உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகாமில் எழும் வீட்டுக்கும் கொத்தனார் வேண்டும், சித்தாள் வேண்டும், செங்கல் சூளை வேண்டும். கப்பலில் போன 40,000 டன் அரிசிக்குப் பின்னாலும் நெல் விளைவித்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் இருக்கிறார்கள். வேலை கொடுக்கிறது என்ற வாதம் இரண்டு தட்டிலும் ஒரே அளவுக்கு ஏறும். அதனால் அதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிடலாம்.

ராணுவச் செலவு என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய். மொத்தச் செலவில் நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். இதில் ஆயுதங்கள், கப்பல்கள், விமானங்கள் போன்ற மூலதனச் செலவு 1,80,000 கோடி. ஓய்வூதியம் மட்டும் 1,60,795 கோடி. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வட தமிழகத்தின் வறண்ட கிராமங்கள் பலவற்றில் பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தாத்தாவின் பட்டாளத்துப் பென்ஷனிலிருந்துதான் போகிறது. ராணுவச் செலவைக் குறை என்று முழங்குகிறவர்கள், எந்தப் பகுதியைக் குறைக்கச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது? அதே ஆண்டில் பிற நாடுகளுக்கான உதவிக்கு வெளியுறவு அமைச்சகம் ஒதுக்கியது 5,483 கோடி. பாதுகாப்புச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 2,150 கோடி பூட்டானுக்கு. பெரும்பாலும் வளர்ச்சித் திட்டங்களுக்கானது, பசித்தவனுக்கு நேராகப் போகிற பணம் அல்ல.

உலக அளவில் இடைவெளி இன்னும் பெரிது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 9.4 விழுக்காடு கூடுதல். அதே ஆண்டில் போரிலும் பஞ்சத்திலும் சிக்கியவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை உலகத்திடம் கேட்டது ஐயாயிரம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. உலகின் ஏழு நாள் ராணுவச் செலவுதான் அது. கேட்டதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது.

சரி, இந்தப் பணம் எத்தனை உயிரைக் காக்கும்? நிவாரணப் பக்கத்தில் இதற்கு ஓரளவு திட்டமான விடைகள் உண்டு. எந்த உதவித் திட்டம் எவ்வளவு செலவில் உயிர் காக்கிறது என்று அளந்து சொல்லும் கிவ்வெல் என்ற அமெரிக்க அமைப்பு, மலேரியா பரவிய ஆப்பிரிக்க நாடுகளில் கொசுவலையும் மருந்தும் கொடுத்து ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ ஐயாயிரம் டாலர் ஆகிறது என்கிறது. அந்தக் கணக்கில் ஓர் அர்ஜுன் டாங்கி ஆயிரத்து எழுநூறு குழந்தைகளுக்குச் சமம். பெரியம்மையை உலகத்தைவிட்டே விரட்ட ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். உலகிலேயே இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல். அதற்குப் பின் பிறந்த யாருக்கும் முகத்தில் பெரியம்மைத் தழும்பு இல்லை. எந்தப் படையும் இவ்வளவு குறைந்த விலையில் இத்தனை உயிரைக் காத்ததில்லை.

ராணுவப் பக்கத்தில் இப்படி எண்ண முடியாது. நடக்காமல் போன போரில் சாகாமல் போனவர்களை யார் எண்ணுவது? கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் இருபது வீரர்கள் இறந்தார்கள். அங்கே படை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவராலும் நிறுவிக் காட்ட முடியாது. எண்ண முடியாததால் அது பொய் ஆகிவிடாது. ஆனால் எண்ண முடியாது என்பதையே காரணமாக வைத்து எவ்வளவு கேட்டாலும் கொடுத்துக்கொண்டிருப்பதும் சரியல்ல. நிவாரணத்துக்கு மட்டும் ரூபாய்க்கு ரூபாய் கணக்குக் கேட்டுவிட்டு, பாதுகாப்பு என்ற சொல் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

துப்பாக்கி இல்லாமல் சோறு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 1971 ஒரு பதில். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட அஞ்சல் உறையில்கூட ஐந்து காசு அகதி நிவாரண வில்லை ஒட்டச் சொன்னது அரசு. எட்டு மாதம் சோறு போட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் நிற்கவில்லை. டிசம்பரில் பதின்மூன்று நாள் போர். அதன்பின் சில மாதங்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். 1994-இல் ருவாண்டாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இனப்படுகொலை தொடங்கியபோது அங்கே இருந்த ஏறத்தாழ 2,500 ஐ.நா. வீரர்களைக் கூட்டுவதற்குப் பதில் சில நூறாகக் குறைத்தார்கள். நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். நிவாரண லாரிகள் பின்னால் வந்தன. படையே வேண்டாம் என்று சொல்வோர் இந்த இரண்டையும் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆனால் நம் கண்ணெதிரே நடந்த கதை வேறு. அது கும்மிடிப்பூண்டி முகாம் வாசலில் வந்து முடிகிறது. அதனால் அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1987 மே கடைசியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடையில் இருந்தது. ஜூன் 3 அன்று இந்தியா ராமேசுவரத்திலிருந்து பத்தொன்பது மீன்பிடிப் படகுகளில் அரிசியும் மருந்தும் அனுப்பியது. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4, பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள் புறப்பட்டன. மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலாகப் பறந்தன. யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ இருபத்தைந்து டன் உணவுப் பொட்டலங்கள் விழுந்தன. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இருபத்தைந்து டன் என்பது இரண்டு மூன்று லாரி லோடு. யாழ்ப்பாணத்துக்கு அது ஒருவேளைச் சோற்றுக்கும் காணாது. அதைப் போட்டவர்களுக்கும் தெரியும். உணவாக அல்ல, செய்தியாகத்தான் அது வானத்திலிருந்து விழுந்தது. தமிழகத்தில் அன்று ஏற்பட்ட நெகிழ்ச்சியை நினைவுள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அடுத்த எட்டு வாரத்துக்குள், ஜூலை 29 அன்று, இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப் படை இறங்கியது. அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு போரிட்டது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். ஜூனில் இந்தியா எந்த நகரத்துக்குச் சோறு போட்டதோ, அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் இந்தியப் படையின் கையாலேயே இது நடந்தது. ஒரு கட்டத்தில் எண்பதாயிரம் வீரர்கள்வரை அங்கே இருந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர் விட்டிருந்தார்கள். அமைதி வரவில்லை. அந்த ஜூனிலேயே அடுத்த போர் வெடித்தது. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் படகேறிய பல்லாயிரம் பேர் ராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் வழியாகத் தமிழகமெங்கும் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதாம்.

உதவி செய்யப் போன படை போருக்குள் இழுக்கப்பட்டால் உதவியின் கதி என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. நிவாரணத்தை ஆயுதத்தின் நிழலில் கொண்டுபோனால், பெறுகிறவன் அதைச் சோறாகப் பார்க்கிறானா, படையெடுப்பாகப் பார்க்கிறானா என்பது கொடுப்பவன் கையில் இருப்பதில்லை.

அதே மண்ணில் ஆயுதமில்லாத உதவி பட்ட பாட்டையும் பார்த்தோம். இறுதிப் போர் நெருங்கிய 2008 செப்டம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறினார்கள். மக்கள் வாயிலில் நின்று போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வன்னியில் சிக்கியிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்று கொழும்பு 2009 தொடக்கத்தில் சொன்னது. உணவும் மருந்தும் அந்த எண்ணுக்குத்தான் அளந்து அனுமதிக்கப்பட்டன. போர் முடிந்தபின் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதும் ஒரு போர்முறை என்று அன்று கண்டோம். புலம்பெயர்ந்த தமிழர்கள் ஐரோப்பாவில் வீடுவீடாகச் சேர்த்த எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொருள்கள் ‘வணங்காமண்’ என்ற பெயரில் கப்பலேறின. இலங்கைக் கடற்படை மறித்து அனுப்பியது. கப்பல் சென்னைக்கு வந்து நின்றது. பொருள்கள் பின்னர் கொழும்பு போய்ச் சேர்ந்தும் துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கின. கொடுக்கும் மனமும் இருந்தது, பொருளும் இருந்தது. வழிதான் இல்லை.

வென்ற அரசின் நிலை என்ன ஆயிற்று? போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆன பின்பும் இரண்டேகால் கோடி மக்களுக்கு இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படையை இலங்கை வைத்திருந்தது. 2022-இல் டாலர் தீர்ந்தது. பெட்ரோலுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். 2023 ஜனவரியில்தான் 2030-க்குள் தரைப்படையை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள். நொடிவுக்கு ராணுவச் செலவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வரிக்குறைப்பு, வெளிக்கடன், உரத்தடை எல்லாம் சேர்ந்துதான் கவிழ்த்தன. ஆனால் அந்த இரண்டு லட்சம் துப்பாக்கிகளில் ஒன்றுகூடப் பால்மா வாங்கித் தரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன கப்பல் தந்தது. அந்தப் பொட்டலங்கள் சிங்களக் குடும்பங்களுக்கும் மலையகத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்த்தே போயின. போர் விமானக் காவலோடு 25 டன். சாதாரணச் சரக்குக் கப்பலில் 40,000 டன். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே கடலைக் கடந்த இந்த இரண்டு உதவிகளையும் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி, இந்த விவாதத்தில் பலர் தவறவிடும் ஓர் இடம். படையும் நிவாரணமும் எப்போதும் எதிரெதிர்த் தட்டில் நிற்பதில்லை. பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணியைத் தாண்டினால் அரக்கோணம். அங்கே 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 2015 டிசம்பரில் வெள்ளம் சென்னை விமான நிலையத்தை மூடியபோது, பயணிகள் விமானங்கள் அந்த ராணுவ ஓடுபாதையில்தான் இறங்கின. அதே அரக்கோணத்தில்தான் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும் இருக்கிறது. சுனாமிக்குப் பின் 2005-இல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிள்ளை அந்தப் படை. எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளமென்றால் ரப்பர் படகோடும் கயிறோடும் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வந்து இறங்குவது அங்கிருந்துதான்.

மாவட்டத்தின் கிழக்கு ஓரம் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அங்கே கட்டிய ‘வஜ்ரா’ என்ற கடலோரக் காவல்படைக் கப்பல் 2021 மார்ச்சில் பணியில் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் தீப்பிடித்தபோது, தீயணைக்கப் போன இந்தியக் கப்பல்களில் அதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கியபோது உணவு போட்டதும் படையின் ஹெலிகாப்டர்கள்தாம். இந்தக் கப்பல், ஹெலிகாப்டர் செலவெல்லாம் பாதுகாப்புக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. உயிரைக் காத்ததோ நிவாரணப் பக்கம்.

ஆனால் இதைக் காட்டியே எல்லாப் பணத்தையும் படைக்குக் கொடுத்தால் போதும் என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல. ஹெலிகாப்டர் வருவது தண்ணீர் வந்தபின். தண்ணீர் வருமுன் செய்யும் வேலைதான் கூடுதல் உயிரைக் காக்கிறது. அதற்கு ஒடிசாவே சாட்சி. 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், கிராமம்தோறும் பயிற்சி பெற்ற ஆட்கள், முன்னறிவிப்பு என்று பொறுமையாகச் செய்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. ஒலிபெருக்கி, சைக்கிள், மேட்டில் ஒரு கான்கிரீட் கட்டடம், பெயர் எழுதிய ஒரு நோட்டு. இவைதாம் அங்கே ஆயுதங்கள்.

பணக்கார நாடுகளில் இந்தத் தராசு அண்மையில் வெளிப்படையாகவே சாய்க்கப்பட்டது. 2025 பிப்ரவரி 25 அன்று பிரிட்டன் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவை நாட்டு வருமானத்தில் இரண்டரை விழுக்காடாக உயர்த்துவதாகவும் அதற்கான பணத்தை வெளிநாட்டு உதவியை 0.5-இலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைத்து எடுப்பதாகவும் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உதவித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். அமெரிக்கா தன் பன்னாட்டு உதவி முகமையை 2025 ஜூலை 1-இல் மூடியேவிட்டது. அந்த முகமையின் பணத்தால் இருபத்தோர் ஆண்டில் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட சாவுகள் தடுக்கப்பட்டன என்றும், நிறுத்தினால் 2030-க்குள் ஒரு கோடியே நாற்பது லட்சம் கூடுதல் சாவுகள் நேரலாம் என்றும் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடு பாதிதான் சரி என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு பெரும்போரின் சாவுக் கணக்கு.

நம் நாட்டில் யாரும் அப்படி வெளிப்படையாக எடுத்து மாற்றுவதில்லை. இங்கே வேறுபாடு பணம் வரும் விதத்தில் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு இதைக் காட்டிக்கொடுக்கிறது. அக்குழுவின் ஆய்வு வரம்பை 2019-இல் ஒன்றிய அரசு திருத்தி, பாதுகாப்புக்கென்று ஆண்டு முடிவில் காலாவதியாகாத நிதி ஒன்று வேண்டுமா என்று பார்க்கச் சொன்னது. குழுவும் ஐந்தாண்டுக்கு 2,38,354 கோடி ரூபாயில் அப்படி ஒரு நிதியைப் பரிந்துரைத்தது. அதே குழு, இந்தியாவின் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பேரிடர் மேலாண்மைக்குக் கணக்கிட்ட தொகை 2021 முதல் 2026 வரை 1,60,153 கோடி. அதிலும் நூற்றுக்கு எண்பது ரூபாய் பேரிடர் நடந்தபின் கொடுக்கும் நிவாரணத்துக்கும் மீட்புக்கும். இருபது ரூபாய்தான் வருமுன் தடுக்க. மேலே சொன்ன ஓராண்டு ராணுவ ஓய்வூதியத்தையும் இந்த ஐந்தாண்டுப் பேரிடர் நிதியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஓய்வூதியம் அதிகம் என்று இதற்குப் பொருள் அல்ல. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் வைத்த பணம் அவ்வளவு சிறிது.

அந்த வரம்பைத் தாண்டினால் மாநிலம் மனுப்போட வேண்டும். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. மாநிலப் பேரிடர் நிதியின் வழக்கமான தவணைகளாக 900 கோடி கொடுத்தோம் என்றது ஒன்றிய அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து 276 கோடி விடுவிக்கப்பட்டது. மாநிலம் கேட்டது கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு மாதம் கழித்து நூற்றில் ஒரு பங்குகூட வராத ஒன்றை உதவி என்று எப்படிச் சொல்வது?

நான் வந்து சேர்ந்த இடம் இது. ராணுவச் செலவை வெட்டி நிவாரணத்துக்குக் கொடு என்பதல்ல என் முடிவு. எல்லை கடினமானது, 1971-உம் ருவாண்டாவும் பொய்யல்ல. ஆனால் படைக்குக் கிடைக்கும் உறுதி நிவாரணத்துக்கும் கிடைக்க வேண்டும். எதிரி வந்தபின் டாங்கிக்கு ஆணை கொடுப்பதில்லை அல்லவா? வெள்ளம் வந்தபின் பாலத்துக்கு மதிப்பீடு போடுவதும் அதே அளவுக்குத் தவறு. பேரிடர் நிதியில் தடுப்புக்கான இருபது விழுக்காட்டை நாற்பதாக்க வேண்டும். கேட்காமலே, காலாவதியாகாமலே அது வர வேண்டும். பிற நாடுகளுக்கான மனிதநேய உதவிக்குப் பாதுகாப்புச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று விதியாகவே எழுத வேண்டும். 2025-26 கணக்கில் 6,800 கோடி ரூபாய் அது. நாற்பதாயிரம் டன் அரிசி போன கப்பலைப் போல ஐம்பதுக்கு மேற்பட்ட உதவிகளை ஆண்டுதோறும் அனுப்பலாம்.

கும்மிடிப்பூண்டி முகாமில் இன்று மூன்றாம் தலைமுறை வளர்கிறது. ஆண்கள் பலர் பெயின்ட் வேலைக்கும் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்கும் போகிறார்கள். 2021 அறிவிப்பில் குடும்பத் தலைவருக்கான பணக்கொடை மாதம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறானது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. குடியுரிமை கொடுக்க ஒரு டாங்கியின் விலைகூட ஆகாது. ஒரு சட்டத் திருத்தம் போதும்.

பள்ளிப்பட்டும் அரக்கோணமும் ஒரே மக்களவைத் தொகுதி. கடற்படைத் தளமும் மீட்புப் படையும் கொசஸ்தலைத் தரைப்பாலங்களும் ஒரே உறுப்பினரின் பொறுப்பில் வருகின்றன. நெடியத்திலும் சொரக்காய்பேட்டையிலும் பொதட்டூர்பேட்டையிலும் தறியடிக்கும் என் மக்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பேரிடர் தடுப்பு நிதியில் நம் ஆற்றுக்கு எவ்வளவு வாங்கித் தந்தீர்கள்? முகாம் பிள்ளைகளின் குடியுரிமைக்காக நாடாளுமன்றத்தில் எத்தனை முறை பேசினீர்கள்? பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.